ரிலீவர் வராத நூறு மீட்டர்

கடலூர் மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எத்தனை அடி காலி இடம் கிடக்கிறது, அதில் எத்தனை அடியில் முள், எத்தனை அடியில் எருமை என்பது கலெக்டருக்குத் தெரியாது. கல்வி ஆபீசுக்கும் தெரியாது. அந்த எருமைக்கே அரைகுறையாகத்தான் தெரியும். முழு விவரமும் தெரிந்த ஒரே ஜீவன் எங்கள் ரிலீவர் சார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடு இருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். அதோடு மாவட்டம் பூராவும் பள்ளி விளையாட்டுப் போட்டி நடத்துகிற பொறுப்பையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். வாத்தியார் ஆவதற்கு முன்னால் ஆறு வருஷம் மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். வேலையை விட்டு வந்துவிட்டார், அங்கே கற்ற பேச்சை விடவில்லை.

மைன்ஸில் ஷிப்டு பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்த ஷிப்டு ஆள், அதாவது ரிலீவர், வந்து பொறுப்பை வாங்கிக்கொள்கிற வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. ரிலீவர் வரவில்லையா, டபுள் டூட்டி. இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டே சார் உலகம் முழுவதையும் புரிந்துகொண்டார். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தாலும் அடுத்த ஆள் வந்து பின்னால் நிற்கும் வரை இலையை விட்டு எழுந்திருக்க மாட்டார். பேர் வந்தது அப்படித்தான்.

அவருடைய அகராதியில் டீமில் நிரந்தரமாக ஆடுகிற பிள்ளை 'பெர்மனென்ட்'. மாற்று ஆட்டக்காரர் 'கான்ட்ராக்ட்'. முட்டி தேய்ந்தால் 'ஆக்சிடென்ட்'. இதில் ஆபத்து இருக்கிறது என்று நெய்வேலியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், சாருக்கு மட்டும் தெரியவில்லை. கபடி டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் அப்பாவுக்கு ஒருநாள் போன் போட்டார். அப்பா பதினாறு வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிலக்கரி பெல்ட் ஓடுகிற சத்தத்தில் போனை எடுத்திருக்கிறார்.

"சந்தோஷமான சேதிங்க. இன்னையிலேர்ந்து பெர்மனென்ட். கான்ட்ராக்ட்லாம் முடிஞ்சிபோச்சி" என்றார் சார்.

அந்த மனிதர் காதில் அதற்குமேல் எதுவும் ஏறவில்லை. கேன்டீனுக்கு ஓடி ஷிப்டு மொத்தத்துக்கும் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போய் மனைவி காலில் விழாத குறையாகச் சேதியைச் சொன்னார். "பெர்மனென்ட் ஆனது நீ இல்ல, உம் புள்ள. கபடியில" என்று அந்த அம்மா விளக்கியது. மறுநாள் மனிதர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். சண்டைக்கு வருகிறார் என்று ஹெட்மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தவர் சார் முன்னால் மிச்ச லட்டை நீட்டினார்.

"எங்க வம்சத்துல மொத பெர்மனென்ட் சார். கபடியா இருந்தா என்னா, எடுத்துக்கோங்க."

எனக்கு அவரோடு ஏற்பட்ட தொடர்பு வேன் மூலமாக. பள்ளிக்கூடங்களுக்கு வேன் ஓட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பை ஏறக்கட்டியவன், அதனால் படித்தவர்கள் கவலைப்படாத விஷயங்களுக்கெல்லாம் சேர்த்துக் கவலைப்படுகிற சுபாவம். டயரில் காற்று இருந்தால் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று தோன்றும். முதல் தடவை சார் என் வண்டியை வாடகைக்குப் பிடித்தபோது, "பிள்ளைங்க ஜன்னல்ல கை நீட்டுனா? பாலத்துக்கிட்ட ஆடு குறுக்க வந்தா? திடீர்னு மழை வந்தா?" என்று வரிசையாகக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "யோவ், உங்கிட்ட இருக்கிறது கவலை இல்லய்யா. சேஃப்டி டிபார்ட்மெண்ட்டு" என்றார். அன்றைக்கே என் கையில் ஒரு சிவப்புப் பட்டையைக் கட்டி, மாவட்டப் போட்டிகளுக்கு சேஃப்டி ஆபீசராக நியமித்துவிட்டார். தண்ணீர் கேனும் பஞ்சும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவருவது உத்தியோகம். என் கவலைக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆள் அவர்தான். என் மனைவி இன்றுவரை கொடுக்கவில்லை.

சாரின் உண்மையான வெறி போட்டி நடத்துவதில் இல்லை, ஆள் பிடிப்பதில். ஸ்கூட்டரில் டேப்பை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன் பின்பக்கம் போய் அளப்பார். ஒரு ஊரில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எங்க ஸ்கூலுக்கு கிரவுண்டே இல்லைங்களே சார்."

"ரோடு இருக்குதுங்களா?"

"இருக்கு. ஆனா பஸ்ஸு போவும்."

"எத்தன பஸ்ஸு?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"நடுவுல பூரா நம்ம கிரவுண்டுதான மேடம்! ஓட்டப் பந்தயத்துல பேரு குடுத்துடுங்க."

"பி.டி. மாஸ்டர் கெடையாதுங்க சார்."

"கணக்கு டீச்சர் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"சுத்து எண்ணத் தெரிஞ்சா போதும்."

இப்படி எண்ணத் தெரிந்தவர்களை வைத்தே முப்பது நாற்பது பள்ளிக்கூடங்களை உள்ளே இழுத்துவிட்டார். அத்தனை பேரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, விடிவதற்கு முன்னால் ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். பதிலுக்கு யாராவது கட்டைவிரல் படம் போட்டால் உடனே போன் வரும்: "கட்டவெரல வச்சிக்கினு நான் என்னா பண்றது? எத்தன புள்ளைங்க வராங்க, அத சொல்லுங்க." ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி கொடுப்பார். தொடர் ஓட்டத்தை அவர் சொல்லிக்கொடுத்த விதம் அலாதியானது.

"குச்சின்றது பொறுப்பு. எதிர்ல நிக்கறது உன் ரிலீவர். ரிலீவர் கையில குடுக்காம நீ எடத்த வுட்டுப் போவக்கூடாது. புரியுதா?"

"புரியுது சார்!"

"ரிலீவர் வரலன்னா?"

பிள்ளைகள் முழித்தார்கள்.

"மெஷின நிறுத்தக் கூடாது. டபுள் டூட்டி!" என்று சார் கையை உயர்த்தினார். சிரிப்பதற்காகச் சொன்னது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். பெரியவர்கள் நாங்கள் சிரித்தோம். பிள்ளைகள் சிரிக்கவில்லை, மனப்பாடம் செய்துகொண்டார்கள். சேஃப்டி ஆபீசராகிய எனக்கு அன்று ஏன் கவலை வரவில்லை என்பதுதான் என் நிரந்தரக் கவலை.

சாருக்கு ஒரே ஓர் ஆசை. மைதானம் இல்லாத ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாநிலப் போட்டியில் போய் நிற்க வேண்டும். வருஷா வருஷம் கிரவுண்டு உள்ள பள்ளிகளே ஜெயித்துப் போய்க்கொண்டிருந்தன. போன வருஷம் போட்டி நடந்தபோது, அடுத்த மே மாதம் சாருக்கு ரிட்டையர்மெண்ட். அந்தப் போட்டிதான் அவருக்குக் கடைசி.

பெண்கள் நாலு தர நூறு மீட்டர் தொடர் ஓட்டம். மேல்பட்டாம்பாக்கத்தை ஒட்டிய ஊரிலிருந்து, அதே இரண்டு பஸ் ரோட்டில் ஓடிப் பழகிய நாலு பெண்கள் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். முதலாவதாக வருகிற டீம் மாநிலத்துக்கு. தலைமை நடுவர் ரிலீவர் சார். நான் தண்ணீர் கேனோடு மூன்றாவது குச்சி மாற்றுகிற இடத்தில் நின்றேன்.

அங்கே நின்றிருக்க வேண்டிய கடைசி ஓட்டக்காரி கௌசல்யா, துப்பாக்கி வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு வேலி பக்கம் ஓடினாள். காலையிலிருந்து பயத்தில் அரை சீப்பு வாழைப்பழம் தின்றிருக்கிறாள். அந்த இடத்துக்குப் போட்டிருந்த நடுவருக்கு அந்நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன், கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறதாம். நான் கௌசல்யாவைப் பார்ப்பதா, கத்துவதா, சிலிண்டர் நடுவரை உலுக்குவதா என்று கவலைப்படுவதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது.

மூன்றாவதாக ஓடிய வெண்ணிலா முதல் ஆளாக வந்து சேர்ந்தாள். குச்சியை நீட்டினாள். வாங்கக் கை இல்லை. ஒரு கணம்தான் பார்த்தாள். அப்புறம் குச்சியை இறுக்கிக்கொண்டு அப்படியே ஓடிவிட்டாள். மற்றவர்கள் குச்சி மாற்றத் தடுமாறின நேரமும் இவளுக்கு மிச்சம். ஒரு முழம் வித்தியாசத்தில் முதலாவது.

மைதானம் அதிர்ந்தது. ஒரே மாதிரி பனியன், ஒரே மாதிரி இரட்டைச் சடை. முடிவுக் கோட்டில் இருந்தவர்களுக்கு எவள் எவள் என்று எங்கே தெரியப்போகிறது? பக்கத்து லேன் பிள்ளைகள் தங்கள் குச்சியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பார்த்தது நான். அப்புறம் நடு மைதானத்தில் நின்ற சார்.

நடுவர் மேசைக்கு ஓடினேன். சார் அதற்குள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். முடிவுத் தாள் அவர் முன்னால் இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது. எழுதவில்லை.

"சார், பாத்தீங்களா?" என்றேன் மெதுவாக.

"நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றால் ஒரு பாவம், பார்க்கவில்லை என்றால் இன்னொரு பாவம். "கண்ணுல தூசிங்க சார்" என்றேன்.

"நீ சேஃப்டி ஆபீசர்யா. தூசின்னா ஒனக்கு ஆக்சிடென்ட்" என்றார். ஆனால் பேனாவைத் தொடவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பெயர்களும் அதில் இருந்தன. ஒரு கையெழுத்து போட்டால் அவருடைய ஆசை முடிந்துவிடும். புகார் சொல்லவும் யாரும் வரவில்லை.

வெண்ணிலாதான் வந்தாள். மூச்சு இன்னும் வாங்குகிறது. மேசை முன்னால் விறைப்பாக நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"சார்! ரிலீவர் வரலைங்க சார். டபுள் டூட்டி பாத்துட்டேன்!"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை ஓர் எழுத்து பிசகாமல் செய்துகாட்டிய பிள்ளை அவள் ஒருத்திதான். எழுந்து சிவப்புக் கொடியை எடுத்துத் தூக்கினார்.

அவர்களோடு வந்திருந்த கணக்கு டீச்சர் பாய்ந்து வந்தார். "சார், இது அநியாயம்! நானூறு மீட்டர் ஓடணும். நானூறும் ஓடியாச்சு. எண்ணிப் பாத்தேன். கணக்கு சரியாதான இருக்கு?"

"மீட்டரு சரிங்க மேடம். ஆளு ஒண்ணு கொறையுது."

"கொறஞ்ச ஆளு வேலையையும் அவளேதான் சேத்து செஞ்சிருக்காளே!"

"அதாங்க தப்பு."

"அப்படித்தான செய்யச் சொன்னீங்க?"

சார் பேனாவை எடுத்தார். தாளில் தகுதி நீக்கம் என்று எழுதி, காரணம் என்ற இடத்தில், 'பயிற்சி அளித்தவர் தவறாகச் சொல்லிக்கொடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குற்றவாளியும் நீதிபதியும் ஒரே கையெழுத்தில் இருந்த தாளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாயங்காலம் அந்தப் பிள்ளைகளை ஊரில் விடக் கிளம்பினேன். ஸ்கூட்டரை மைதானத்திலேயே நிறுத்திவிட்டு சாரும் வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பண்ருட்டி தாண்டும் வரை கௌசல்யாவின் விசும்பல் பின் சீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஊருக்குத் திரும்புகிற இடத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள்.

"எல்லாம் என்னாலதான் சார்" என்று கௌசல்யா பெரிதாக அழுதாள்.

"வாய மூடுடி. அழுவுறேன்னு மறுபடியும் வாந்தி எடுத்து வைக்காத" என்றாள் வெண்ணிலா.

மற்ற இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள். கௌசல்யாவும் அழுகையோடு சிரித்தாள். சார் இறங்கிப் போய், வெண்ணிலாவின் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"தப்பு என்னுதும்மா."

"தெரியும் சார். டீச்சர் சொன்னாங்க."

சார் தலையைச் சொறிந்தார். "ரெண்டாவது நூறுல மூச்சு எப்டி இருந்துச்சி?"

"நல்லாதான் இருந்துச்சி."

"பாத்தேன். நீ வேகத்துல கொறையவே இல்ல. இருநூறு மீட்டர்னு ஒண்ணு இருக்கு, ஒரே ஆளு ஓடறது. தெரியுமா?"

"குச்சி தூக்கிக்கினு ஓடணுமா சார்?"

"வேணாம். வெறுங்கையோட ஓடலாம்."

"அப்ப இன்னும் வேகமா ஓடுவனே!"

சார் சட்டைப் பையில் எதையோ தேடினார். சிகரெட் அட்டை மாதிரி ஒரு துண்டு கிடைத்தது. அதில், இருட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பது போல, எந்த ஞாயிறு, எத்தனை மணி, எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதத் தொடங்கினார். நாலு பெண்களும் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

ரயில் போய்விட்டது. கேட் திறந்தது. பின்னால் கரும்பு லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். நான் தலையை வெளியே நீட்டி, வண்டி மக்கர் பண்ணுகிறது என்று கையைக் காட்டினேன். வண்டிக்கு ஒன்றுமில்லை. சார் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.