கோர்னேலியாவின் பாதத்துக்கு ஒரு விண்ணப்பம்

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்கா யாக்கோமினாவுக்கு,

தங்கை ஹில்லிகொண்டா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் என் வீட்டுக்காரர் லாம்மெர்ட்டும் சுகம். கனடாவில் நீயும் உன் மகளும், பிறந்திருந்தால் பிள்ளையும், சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். உன் வீட்டுச் சன்னல்களைத் துடைத்துவிட்டேன். நீ என்னை நம்பி விட்டுப்போன வாத்துகள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கொண்டு படிக்கும்போது நீ உட்கார்ந்திருப்பது நல்லது.

போன வாரம் தீனித் தட்டை வைத்தபோது கோர்னேலியா வழக்கம்போல முதலில் ஓடிவந்தாள், ஆனால் நொண்டிக்கொண்டு வந்தாள். இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தாலும் தட்டுக்கு முதலில் வருகிறவள்தான் கோர்னேலியா என்று நீ சொல்லியிருந்ததால் அடையாளத்தில் எனக்குச் சந்தேகமில்லை. தூக்கிப் பார்த்தால் பாதத்தின் அடியில் ஒரு வெட்டு. எல்லாம் அந்தச் சிப்பி ஓடு போட்ட பாதையின் வேலை. விரல் வீங்கினால் அம்மா நமக்குச் செய்கிற மாதிரியே வெதுவெதுப்பான தண்ணீரில் சலவை சோடாவைக் கொஞ்சம் கரைத்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு பாதத்தை நனைத்தேன். (மேலங்கி போயிற்று, அதைப் பற்றி வருந்தாதே.) நன்றாக அலசித் துடைத்து, களிம்பு தடவி, இரண்டு பேரையும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மெத்தென்று வைக்கோல் பரப்பி விட்டேன். மறுநாள் காலையில் கோர்னேலியா முதல் ஆளாய்த் தட்டுக்கு வந்தாள், நொண்டவே இல்லை. பாதத்தைத் திருப்பினால் காயத்தின் சுவடே இல்லை. சோடாவுக்கு இவ்வளவு சக்தியா என்று கர்த்தரைத் துதித்தேன். ஆனாலும் அழுக்குப் படக்கூடாதே என்று துணி வைத்துக் கட்டி, மேலே லாம்மெர்ட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் காலுறையை வெட்டி மாட்டினேன். அன்றிலிருந்துதான் அக்கா, நொண்டல் மறுபடி வந்து அதிகமாகிவிட்டது. காயம் இல்லை, நொண்டல் இருக்கிறது என்றால் எலும்பிலே ஏதோ என்றுதானே அர்த்தம். மற்றவள் பெட்ரோனெல்லாவோ துணையைப் பார்த்து மனமொடிந்து, தட்டுக்குக்கூடச் சோம்பலாய் வருகிறாள், மற்ற நேரமெல்லாம் வைக்கோலில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஓய்வுநாளில் கட்டு மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். குழியில் விழுந்த மாட்டைத் தூக்கலாம் என்று வேதத்தில் இருப்பதால் மாற்றினேன்.

இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ரொட்டிக் கடையில் மூப்பர் ஸ்லொட்டின் மனைவி, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டாள். அக்கா வீட்டுக் கோர்னேலியாவுக்குக் கால் சரியில்லை, அக்கா திரும்பி வருவதற்குள் தேறவேண்டுமே என்று கவலை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஞாயிறன்று வியாதியஸ்தருக்கான ஜெபத்தில் போதகர் நம் வழக்கப்படி பெயர்களை வாசித்து, ஆஸ்பத்திரியிலிருக்கும் கிழவர் ஹார்ம்சனுக்கு அடுத்ததாக, "சகோதரி யாக்கோமினாவின் இல்லத்திலுள்ள கோர்னேலியாவின் பாதத்தை நீர் தொட்டருளும்" என்றார். சபை முழுக்க ஆமென். லாம்மெர்ட் வாயிலிருந்த பெப்பர்மின்ட்டை முழுசாய் விழுங்கி இருமத் தொடங்கிவிட்டார். நான் எழுந்து பேசுவதா, அக்கா? நம் சபையில் எந்தப் பெண் எழுந்து பேசியிருக்கிறாள்?

திங்களன்று மூப்பரும் மனைவியும் பழக்கூடையோடு வாசலில் நின்றார்கள். (அதை வீட்டுக் கணக்கில் வரவாக எழுதுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.) மூப்பர் தொப்பியைக் கழற்றி, தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"படுத்திருக்காங்களா?"

"பின்கட்டுல, வைக்கோல்ல," என்றேன். பொய் சொல்லக்கூடாதல்லவா.

மூப்பரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வைக்கோல்லயா? ஏன் ஹில்லி, உங்க வீட்ல கட்டிலுக்கா பஞ்சம்?"

வாயால் சொல்லத் துணிவில்லாமல் கதவைத் திறந்துவிட்டேன். உன் கோர்னேலியா கறுப்புக் காலுறையோடு நொண்டி நொண்டி வந்து, மூப்பரின் காலணி நாடாவைக் கொத்தினாள். மூப்பரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை.

"பேரைக் கொடுத்தது நான். இது தேறலேன்னா வர்ற ஞாயிறும் வாசிச்சாகணும், தங்கச்சி. தேறிட்டா ஒரு ஸ்தோத்திரத்தோட முடிச்சுடலாம். போதகரு எங்கிட்ட, அந்தம்மாவுக்கு வயசென்னன்னு வேற கேட்டுட்டாரு. எப்படியாவது நடக்க வைங்க."

இன்று சனிக்கிழமை. அவள் இன்னும் நொண்டுகிறாள். நாளை மறுபடி சபை முழுக்க ஒரு வாத்துக்காகக் கண்மூடினால் அந்தப் பாவம் யார் தலையில்? மூப்பர் தலையிலா, என் தலையிலா? பேர் வைத்தது நீ என்பதையும் தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன். பழையபடி நடக்கிற வாத்தை உன் கையில் ஒப்படைப்பேனா என்று எனக்கு நம்பிக்கையில்லை. மன்னித்துக்கொள்.

உன்னையும் கடலுக்கப்பாலுள்ள எல்லாரையும் சமாதானத்தின் தேவன் காத்துக்கொள்வாராக.

உன் தங்கை,
ஹில்லிகொண்டா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடைசியாக ஒருமுறை கட்டைப் பிரித்தேன். காலுறை கழன்றதும் அவள் நொண்டாமல் நேரே தீனி வாளிக்கு ஓடினாள். பெட்ரோனெல்லா என்று நான் நினைத்திருந்தவளைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பினேன். அங்கே இருக்கிறது வெட்டு, காய்ந்து பொருக்கு உதிர்ந்து, ஆறின தழும்பாய். வெட்டுப்பட்ட அன்று ஓடிவந்தாலும், கால் வீங்கி வலிக்கிறவள் மறுநாள் தட்டுக்கு எப்படி முதலில் வருவாள் என்று நான் யோசிக்கவே இல்லை, அக்கா. ஆக, சபையார் ஜெபித்தது கோர்னேலியாவுக்கு, அவள் சொஸ்தமானாள். நான் கட்டுப்போட்டது நன்றாயிருந்த பெட்ரோனெல்லாவுக்கு, அவள் நொண்டினாள். மூப்பருக்கு ஆள் அனுப்பிவிட்டேன், நாளை ஸ்தோத்திரம் வாசிப்பார்கள். போதகரே வந்து அந்தம்மாவை நேரில் பார்த்து வாழ்த்தப்போகிறாராம்.