யாரும் அலறாத முப்பத்தோராவது பெட்டி

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அத்தையும் நலம் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீங்கள்தான் பதில் போடுவதில்லையே. பத்து நாளுக்கு முன் மெயிலில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒரே கம்பெனியில் நீங்கள் கிடங்குப் பொறுப்பில் இருபத்திரண்டு வருஷம், நான் தலைமை அலுவலகத்தில் ஐந்து மாதம். போனில் கேட்டால் "ஆபீஸ் விஷயத்தை வீட்டுப் போன்ல பேசாதே, முறைப்படி எழுத்துல வா" என்பீர்கள். எழுத்தில் வந்தும் சத்தமே இல்லை. போன மாதம் உங்கள் வாசல் கேட்டை வண்டியால் இடித்த கோபம் இன்னும் தீரவில்லை என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள், மனசில் வைக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். குழாயும் வால்வும் விற்கும் நம் கம்பெனிக்கு முன்பெல்லாம் ஆர்டர் ஒரே சீராக வரும். இப்போது எல்லோரும் கைபேசியில் போடுகிறார்கள். ஒரு நாள் முந்நூறு, மறுநாள் மூவாயிரம். அன்றைக்கு சர்வர் அறையில் இருக்கிற முப்பத்தோரு பழைய பெட்டிகளும் மூச்சு வாங்குகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு வேலையையெல்லாம் நான்கு புது சர்வருக்கு மாற்றுவது என் பொறுப்பு. திங்கட்கிழமைக்குள் சரியாக முடித்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் நிரந்தரமாக வீடு. முப்பது பெட்டி எதெதற்கு என்று கண்டுபிடித்து மாற்றியும் விட்டேன். ரேக்கின் அடியில் கிடக்கும் சாம்பல் நிறப் பெட்டி மட்டும் எதற்கென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாஸ்வேர்டு தெரிந்தவர் வேலையை விட்டுப் போயே ஏழு வருஷம் ஆகிறதாம். ஆனால் அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு, மாமா, சும்மா இருந்துவிட்டு திடீரென்று சிமிட்டும். யாரோடுதான் பேசுகிறது? தாங்க முடியாமல் ஒரு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். அறுபத்தெட்டு சிமிட்டல். சாப்பாட்டு வேளையில் மட்டும் ஓய்வு. ஏசி மெக்கானிக் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, அது எழுந்து வந்து பேசும்னு உக்காந்திருக்கீங்களா?" என்றார். பேசினால் நல்லது என்றேன்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒயரைப் பிடுங்கிவிட்டு யார் அலறுகிறார்கள் என்று பார்ப்பது, அலறுகிறவர்தான் சொந்தக்காரர். அது என்ன பெட்டி என்று உங்களுக்கு மெயில் போட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு நாள் முழுசாகக் காத்திருந்தேன், அதற்கு மேல் என்னால் ஆகாது, பிடுங்கிவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள். ஒரு புகார்கூட இல்லை! இந்த அலுவலகத்தில் ஏசி குளிர்ந்தாலும் புகார், குளிராவிட்டாலும் புகார்; ஆன்லைன் படிவத்தில் ஒரு நாளைக்கு எழுபது வரும். ஒன்பது நாளாக என் திரையில் பூஜ்யம். எல்லாம் புது சர்வர் செய்கிற வேலை. நடுவில் ஸ்டோர்ஸ் அக்கா வந்து நின்றார்.

"தம்பி, மூணு நாளா பில் பிரிண்ட் ஆகலை."

"புகார் படிவத்துல போட்டீங்களா?"

"நாலு தரம் போட்டேன்."

"போட்டிருந்தா எனக்கு வந்திருக்கணும்ல? வரலை. அப்போ நீங்க போடலை."

"நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா, சிஸ்டம் சொல்லுது."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் போடுவதாகச் சொல்லிப் போனார். அவரைத் தொடர்ந்து இன்னும் பலர் வாசலில் வந்து நின்றார்கள். இந்த வம்பே வேண்டாம் என்று, 'படிவத்தில் வராத புகார் புகாரே அல்ல' என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். போனையும் எடுப்பதில்லை. வாசலில் நின்ற கூட்டம் மறுநாளே காணாமல் போனது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்து, திங்கட்கிழமைக் கூட்டத்தில் 'ஒன்பது நாள், பூஜ்யம் புகார்' என்று என் பெயரோடு காட்டப்போவதாகச் சொன்னார்.

ஆகவே அந்தப் பெட்டி உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்பது என் முடிவு. நாளை பழைய இரும்புக்காரர் வருகிறார். இருந்தாலும் அந்தச் சிமிட்டல் என்னைத் தூங்கவிடமாட்டேன் என்கிறது. அதை யார் வைத்தார்கள், அது என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். வேலைக்காக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அத்தையின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் கேட்டும் அப்படியே நிமிரட்டும். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு, பதில் போடாதவர்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், அந்தச் சிமிட்டலைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாமே என்று ஒயரைச் சொருகினேன். விளக்கு சிமிட்டவில்லை, நிற்காமல் எரிந்தது. என் திரையில் புகார் ஒன்று, நாற்பது, இருநூறு என்று ஏறி அறுநூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. படிவத்தில் போடுகிற புகாரை என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அந்தப் பெட்டியின் ஒரே வேலை. அதில் ஸ்டோர்ஸ் அக்காவுடையது ஒன்பது. உங்களுடையது மூன்று. "மருமகனே, ஆபீஸ் கேள்விக்கு முறைப்படி படிவத்திலேயே பதில். அதுதான் புகார் கொண்டுவரும் பெட்டி, பிடுங்கிவிடாதே" என்று முதலாவது. "படித்தாயா?" என்று இரண்டாவது. "பிடுங்கிவிட்டாய்" என்று மூன்றாவது. இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்டோர்ஸ் அக்காவிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "படிவத்துல போடு தம்பி" என்றார். போட்டேன். அறுநூற்றுப் பதின்மூன்றாவது புகார் என் மேல் நானே போட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு மேலாளர் இப்போது அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்.