சோப்புக்கட்டிப் பெட்டியும் நுஸ்ரத்தின் கல்யாண வீடியோவும்

மருதமுனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி றிம்சானுக்கு ராத்தா ஜெனூபா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீ கட்டாரிலிருந்து அனுப்பிவைத்த சோப்புக்கட்டி அளவான கொம்பியூட்டர் நல்ல சுகம். நாங்கள்தான் சுகமில்லை. போனில் சொன்னால் உன் மச்சானின் காதில் விழும் என்பதால், தோஹா புறப்படும் அப்துல் ஸமட் நானாவிடம் இதைக் கொடுத்தனுப்புகின்றேன்.

"பழைய ஹாட் டிஸ்க் ஒன்றைச் செருகினால் போதும் ராத்தா, வீட்டில் உள்ள வீடியோ எல்லாம் டீவியிலும் வரும், போனிலும் வரும், மாசாமாசம் ஒருத்தனுக்கும் கட்டத் தேவையில்லை" என்றாய். நம்பினேன். ஆனால் அதைப் பொருத்திப் பூட்டும் வேலையை யாரிடம் ஒப்படைத்தாய்? முப்பது வருசம் புவியியல் படிப்பிச்சி, சொந்த வீட்டில பியூஸ் எங்க இரிக்கெண்டு தெரியாத உன் மச்சான் ஸஹீத் மாஸ்டரிடம்! மூணு கிழமை, கண்ணாடிய மூக்கு நுனியில வச்சிக்கிட்டு தட்டினார். பெட்டி சுடுதெண்டு அடுப்படி பேனைக் கழட்டிக்கொண்டு போய் அதுக்கு வச்சார். கரண்ட் போய் வந்தா, டீவியில அடிச்சி அதத் தேடுற நம்பர் மாறுதாம். மாறின நம்பரெல்லாம் இப்ப என்ட புதுப் பெயின்ட் சுவரில பென்சிலால இரிக்கி. "இது சேர்வர், ஜெனூபா. கேட்டதக் கேட்ட ஆளுக்குக் கொண்டுவந்து குடுக்கும்" எண்டார். "அப்ப இந்த வீட்டில சேர்வர் நான்தான். எனக்கு யார் பேன் வச்ச?" எண்டு கேட்டன். பேன இன்னும் கொஞ்சம் பெட்டிப் பக்கம் திருப்பி வச்சார்.

போன ஞாயிறு, மகள் நுஸ்ரத்துட மாமியார் லைலா, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தரமா ஆறுதலா இருந்து கதைக்க வந்தா. கல்யாண வீடியோ பாக்க ஆசையெண்டா. இவர் நெஞ்ச நிமித்திக்கிட்டு, "நாம ஒண்டும் செய்யத் தேவையில்ல, இது தானாவே எல்லாத்தையும் விளங்கி எடுக்கும்" எண்டு டீவியப் போட்டார். வந்தது என்ன தெரியுமா? கிழிஞ்ச வெள்ளக் கவுணோட ஒரு வெள்ளக்காரி, கையில இறைச்சிக் கத்தி, முகமெல்லாம் ரெத்தம்! இவர் அந்த வீடியோவுக்கு இங்கிலீசில 'கல்யாணம்' எண்டு பேர் வச்சிரிக்கார். பெட்டி இன்டர்நெட்டில போய் அதே பேரில உள்ள பேய்ப் படத்திட போஸ்டரையும் கதையையும் கொண்டுவந்து ஒட்டிரிக்கி. சம்மந்தி ஓய்வுபெற்ற இங்கிலீஸ் டீச்சரல்லவா, கதைய நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தா. "மருமகளாக நுழையும் பேய், மாப்பிள்ளையின் குடும்பத்தை ஒவ்வொருவராக விழுங்குகிறது." நான் நிண்ட இடத்திலயே உருகிப் போனன். "அது பெட்டி தானா எடுத்த" எண்டு இவர் இழுத்தார். "ஓம் மாஸ்டர். நல்லா விளங்கித்தான் எடுத்திரிக்கி" எண்டு அவ எழும்பிட்டா. சாப்பிட வச்ச வட்டிலப்பத்தத் தொடக்கூட இல்ல. தாயக் கொண்டு விட அவங்கட ஊர் சாய்ந்தமருதுக்குப் போன, நம்மளோடயே இரிக்கிற மருமகன் அஞ்சு நாளா வரல்ல. புள்ள அழுதழுது கண் வீங்கிக் கிடக்காள். இவர் என்ன செய்தார்? போஸ்டரத் திருத்தினார்! இப்ப அதில பென்குவின்கள் சோடி சேருற படம் வந்திரிக்கி. மாப்பிள்ளைட கோட் சூட்டப் பாத்தா அதுவும் பொருத்தந்தான் எண்டு சொல்லுறார், றிம்சான்! சிரிச்சிக்கிட்டுச் சொல்லுறார்!

ஆகையால் இப்பெட்டியை எடுத்துச் செல்ல உடனே ஆளனுப்பவும். இனிமேல் பேரீச்சம்பழம் மட்டும் அனுப்பவும். உனக்கும் மனைவி மக்களுக்கும் அல்லாஹ் நீண்ட ஹயாத்தையும், சாமான் அனுப்புமுன் யோசிக்கும் புத்தியையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
ராத்தா ஜெனூபா

பின்குறிப்பு: ஒட்டின கவரைக் கிழிச்சி இதை எழுதுறன். அசர் தொழுதிட்டு வாறன், வாசலில மருமகன்ட மோட்டார் சைக்கிள், பின்னால சம்மந்தி. தாயும் மகனும் அந்தப் பேய்ப் படத்தத் தேடி ரெண்டு தரம் பாத்தாங்களாம். கடைசியில பேயை அடக்குறது மாமியாராம். "அருமையான படம், மதினி" எண்டு என்னக் கட்டிப் புடிச்சா. மருமகன் உள்ளுக்குப் போய் நுஸ்ரத்தோட கதைச்சிக்கிட்டிரிக்கார். சம்மந்தி தன்ட பிரியாவிடை வைபவ வீடியோவக் கொண்டுவந்து, "மாஸ்டர், இதையும் போடுங்க, எனக்கு என்ன போஸ்டர் வருதெண்டு பாப்பம்" எண்டு இப்ப இவர்ர பக்கத்தில கண்ணாடியோட குந்திரிக்கா. ஆளனுப்பாத. பெரிய டிஸ்க் ஒண்டு அனுப்பு. இவர் அதுக்கும் இங்கிலீசில 'பிரியாவிடை' எண்டு பேர் வச்சிட்டார்; அவக்கு வந்த போஸ்டரக் கடிதத்தில எழுத ஏலாது, போன் எடுத்துக் கேள்.