பாடம் கற்காத வால்வுக்காரர்

எங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகத்துக்கு வந்த புது மேலாளர், பொறுப்பேற்ற கையோடு ஒரு மகத்தான சீர்திருத்தம் செய்தார். குழாயில் அல்ல, பேச்சில். இனி தவறு செய்த ஊழியர் எழுந்து நின்று "லெசன் லேர்ன்ட் சார்" என்று சொன்னால் போதும். பாடம் கற்றாகிவிட்டது என்று பொருள். அத்துடன் விசாரணை முடிந்தது.

முதலில் பலனடைந்தவர் பொறியாளர். உடைந்த குழாயைத் தேடிப் புத்தம் புது ரோட்டைக் குறுக்கே வெட்டினார். குழாய் அங்கே இல்லை. "லெசன் லேர்ன்ட் சார்!" மேலாளர் நெகிழ்ந்துபோனார். அடுத்த வாரம் பக்கத்துத் தெருவையும் வெட்டி இன்னொரு பாடம் கற்றார்.

இந்த நேரத்தில் மேற்பார்வையாளர் பதவி காலியானது. வால்வுக்காரருக்கு அதன்மேல் ஒரு கண். விடிகாலையில் தெருத்தெருவாக சைக்கிள் மிதித்துத் தண்ணீர் திறந்துவிடுபவர் அவர். முழங்கால் தேய்ந்துவிட்டது. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தார்.

"இதுவரைக்கும் என்னென்ன தப்பு பண்ணியிருக்கீங்க?" என்றார் மேலாளர்.

"ஒண்ணும் பண்ணலைங்க சார்."

"அடப்பாவமே! அப்போ ஒண்ணுமே கத்துக்கலையா?"

"தண்ணி ஒழுங்கா வந்துச்சுங்களே..."

"அது தண்ணியோட முன்னேற்றம். உங்க முன்னேற்றம் எங்கே?"

வீட்டில் மனைவி பொரிந்து தள்ளினாள். "யார் யாரோ தப்பு பண்ணி மேல போறாங்க. உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணத் துப்பில்லையா?"

"கை வர மாட்டேங்குதே, என்ன பண்ண?"

"அப்போ பேசாம படுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

வால்வுச் சாவியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவள் படுத்துவிட்டாள். பொழுது விடிந்தது. ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தலை நிறைய சோப்பு நுரையோடு மேலாளர் போன் செய்தார்.

"யோவ், தண்ணி எங்கேய்யா?"

"லெசன் லேர்ன்ட் சார்!"

மேலாளர் கண்ணில் வழிந்த நுரையைத் துடைத்தார். சட்டம் அவர் போட்டது. கண் எரிய எரிய, "வாழ்த்துகள்" என்றார்.

வால்வுக்காரருக்கு நாற்காலி கிடைத்தது. ஊரின் வால்வுகள் அனைத்தும் அனுபவம் மிகுந்த ஒருவரிடம், அதாவது பொறியாளரிடம், முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. அன்று முதல் தண்ணீர் அதற்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய தெருவில் வந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குடங்களோடு அலுவலகத்தை முற்றுகையிட்டோம். "எங்களுக்குப் பழைய ஆளே வேணும்!" என்று முன்வரிசையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான்.

புது மேற்பார்வையாளர் நாற்காலியில் இருந்தபடியே நிதானமாகக் கேட்டார்: "தண்ணி நேரத்துக்கு வந்தப்போ, குளிர்ல நிக்கிற மனுஷனுக்கு ஒரு வாய் டீ வேணுமான்னு உங்கள்ல யாராவது கேட்டிருக்கீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் சார்பில் நானே சொன்னேன்.

"லெசன் லேர்ன்ட் சார்."

பொதுமக்கள் பாடம் கற்றுக்கொண்டபடியால் புகார் அந்த நிமிடமே முடித்துவைக்கப்பட்டது. காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.