ஒச்சாயி அளவுக்கு ஓர் இடிகம்பி

புரட்டாசி முதல் தேதி நான் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் சம்மட்டியைத் தொடமாட்டேன். ஆனால் கடையையும் மூடமாட்டேன். சம்மட்டியை ஏன் விட்டேன் என்பது என் மனைவி ஒச்சாயிக்குத் தெரியவே கூடாது.

டயர் கடைக்காரன் சம்மட்டியைத் தொடமாட்டேன் என்பது, பரோட்டா மாஸ்டர் மாவைத் தொடமாட்டேன் என்பது மாதிரி. பழங்காநத்தத்தில் இருபத்தாறு வருஷமாக டயர் கழற்றி மாட்டுகிறேன். ‘பேயாண்டி டயர்ஸ்’ என்று போர்டு. பழைய லாரி டயர் துருவேறி ரிம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்க மற்ற கடைகளில் பத்து அடி அடிப்பார்கள். நான் மூன்று அடி. இதைத் தவிர எனக்கு வேறு பெருமை கிடையாது. படிப்பு இல்லை. குரல் சுமார். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மெஷின் வாங்கலாமே என்பீர்கள். என் கடையின் அகலம் ஏழடி. மெஷின் உள்ளே வந்தால் நான் தெருவில் நிற்க வேண்டும்.

பிரச்சினை என் வலது தோள். ஆவணியில் ஒரு நாள் சம்மட்டியை ஓங்கினேன். ஓங்கிய கை அங்கேயே நின்றுவிட்டது. சம்மட்டி மட்டும் கீழே வந்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

“உள்ள தசை கிழிஞ்சிருக்கு. இனிமே தோளுக்கு மேல கையைத் தூக்குற வேலை வேணாம். மீறுனா சோறு பிசையக்கூட கை வராது.”

“வேற வழி இல்லையா சார்?”

“வேற வேலை பாருங்க.”

வேற வேலை ஏற்கெனவே தயாராக இருந்தது. அதுதான் என் பயம். டி. கல்லுப்பட்டியில் ஒச்சாயியின் அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பொறுப்பாளர். அங்கே வாட்ச்மேன் வேலை காலி. ஒரு வருஷமாக அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடுப்பளவு பார்ப்பார். யூனிஃபார்ம் பேன்ட்டுக்கு. தோள் விஷயம் ஒச்சாயிக்குத் தெரிந்தால் மறுநாளே நான் விசிலோடு மண்டப வாசலில் நிற்பேன். ஊரான் கல்யாணத்துக்குக் கார் கதவைத் திறந்துவிடுவேன். 

ஸ்கேன் பேப்பரைக் கடையில் ஒரு பழைய டயருக்குள் செருகி வைத்தேன். வீட்டில் ஒன்றும் நடக்காத மாதிரி நடந்துகொண்டேன். அவளுக்கும் சந்தேகம் இல்லை. அவள் கவலை வேறாக இருந்தது. வயசாகிவிட்டதாம், எட்டவில்லையாம். துணி காயப்போடும் கொடியை ஒன்றரை அடி இறக்கிக் கட்டினாள். முகம் பார்க்கும் கண்ணாடியை இறக்கினாள். சாமி படத்தை இறக்கினாள். போகிற போக்கில் சாமியைத் தரையில் உட்கார வைத்துவிடுவாள் போலிருந்தது. “நாப்பத்தெட்டு வயசுலயே கூழையாயிட்டியேடி” என்று கேலி செய்தேன். அவள் சிரித்துக்கொண்டாள்.

சம்மட்டி இல்லாமல் டயரைப் பிரிப்பது எப்படி? காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டேன். நேராக ஒரு இரும்புத் தண்டு. அடியில் உளி மாதிரி தட்டையான அலகு. தண்டில் கோத்த ஏழு கிலோ இரும்புக் குண்டு. அலகை டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்து, குண்டை மேலே தூக்கி விட்டால் போதும். தண்டோடு சறுக்கி வந்து இடிக்கும். அலகு உள்ளே இறங்கும். ஓங்க வேண்டியதில்லை. குறி பார்க்க வேண்டியதில்லை.

அதிலும் ஒரு நுட்பம் வைத்தேன். தண்டில் ஆறு ஓட்டை. எந்த ஓட்டையில் இரும்புப் பின் செருகுகிறோமோ அதுவரைதான் குண்டு ஏறும். ஸ்கூட்டர் என்றால் கீழ் ஓட்டை, சின்ன இடி. டிராக்டர் என்றால் ஆறாவது ஓட்டை, பெரிய இடி. முன்யோசனை இல்லாதவனுக்குப் பின் யோசனை. இடிகம்பி என்று பெயரும் வைத்துவிட்டேன். ஆறாவது ஓட்டை சரியாக என் நெஞ்சு உயரம். அதற்கு மேல் என் கை போகாது. அதனால் தண்டும் போகாது.

படத்தை எடுத்துக்கொண்டு பால்பாண்டியின் லேத் பட்டறைக்குப் போனேன். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்த பக்கம் அமாவாசை என்றிருந்தது.

“அண்ணே, தண்டு இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்.”

“நீங்க ஆறடி ஆளு. இது உங்க நெஞ்சோட நின்னுபோகுதே. இன்னும் ஓரடி கூட்டுனா இடி நல்லா விழுகுமே.”

அந்த நேரத்தில் என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது. “எனக்கில்லப்பா. ஒச்சாயிக்கு. அவ உயரத்துக்குத்தான் செய்றேன்” என்றேன்.

பால்பாண்டி என்னை ஒரு மகானைப் பார்ப்பதுபோல் பார்த்தான். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

“ஏங்க, எனக்கு என்னமோ செய்றீங்களாமே?”

“பால்பாண்டி சொன்னானா?”

“அவன் பொண்டாட்டி சொன்னா. அப்புறம் டீக்கடைக்காரரு. அப்புறம் எனக்கு முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மா.”

“ஆமா, உனக்குத்தான்.”

“எதுக்கு?”

“நான் இல்லாத நேரத்துல ஒரு வண்டி வந்தா நீ பாத்துக்கிடலாம்ல.”

“நீங்க இல்லாத நேரம்னு ஒண்ணு என்னைக்கு இருந்துச்சு? என் வளைகாப்பு அன்னைக்கே கடையிலதான இருந்தீங்க.”

“இனிமே இருக்கும்ல.”

“எப்ப?”

“எப்பவாவது.”

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரம் நிமிர்ந்து நின்றாள்.

“அப்ப அளவெடுங்க. எனக்குச் செய்றதை என்னைய அளக்காமலா செய்வீங்க?”

பொய்க்கு அளவெடுக்கும்படி ஆகிவிட்டது. முழங்கை உயரம், நெஞ்சு உயரம், உள்ளங்கை அகலம் எல்லாம் டேப் வைத்து அளந்து, டாக்டர் மாதிரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டேன். அதோடு விடவில்லை. மறுநாள் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

“குண்டு எம்புட்டு?”

“ஏழு கிலோ.”

“அஞ்சாக்குங்க. வேணும்னா மேல வளையம் மாட்டி எடை கூட்டிக்கிடலாம். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் எதுக்கு? ரெண்டு பக்கமும் வைங்க. எடக்கையும் பாரத்தை வாங்கிக்கிரும்.”

பால்பாண்டி, “அக்கா சொல்றது சரிண்ணே” என்றான். சரியாகத்தான் இருந்தது. அவள் சொன்ன ஒவ்வொரு திருத்தமும் என் தோளுக்கு அத்தனை இதமாக இருந்தது. என் பொய்யை நம்பி, பாவம், எனக்கே வேண்டியதை அவள் வாயால் சொல்கிறாளே என்று உள்ளுக்குள் சிரித்தேன். கருவி வந்ததும் ஒரு நாள் அவள் கையில் கொடுத்து வேடிக்கை காட்டிவிட்டு, மறுநாளிலிருந்து நான் வைத்துக்கொள்வது என்று திட்டம். நாலு வருஷம் ஓட்டினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, இடிகம்பிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பெரிய மாலையாகப் போட்டேன். பழைய சம்மட்டிக்கு ஒரு முழம் பூ. பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

எல்லாவற்றையும் யோசித்த நான் பூசணிக்காயை யோசிக்கவில்லை. பூஜை முடிந்ததும் கடைக்காரன் பூசணிக்காய் மேல் சூடம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, தலைக்கு மேல் தூக்கி, நடுத்தெருவில் போட்டு உடைக்க வேண்டும். இருபத்தைந்து வருஷம் நான் போட்ட போட்டில் விதை எதிர்க்கடை வரை போகும். அதைப் பார்க்கவே நாலு கடைக்காரர்கள் வந்து நிற்பார்கள். அன்றும் நின்றார்கள்.

மூன்று சுற்றும் சுற்றிவிட்டேன். தூக்கினேன். காது வரை வந்தது. அதற்கு மேல் தோளுக்குள் யாரோ கத்தியைத் திருப்பினார்கள். கை தானாக இறங்கியது. பூசணிக்காய் என் முழங்காலில் இடித்துத் தரையில் விழுந்து, உடையாமல், உருண்டு போய் ஒரு ஆட்டோவுக்கடியில் நின்றது.  வாழ்நாளில் நான் அத்தனை பேருக்கு முன்னால் அப்படி நின்றதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சூடப்புகை என்று துடைத்துக்கொண்டேன்.

ஒச்சாயி நிதானமாகப் போய்க் குனிந்து அதை எடுத்து வந்தாள்.

“ஏங்க, மறந்துட்டீங்களா? இந்த வருசம் நான் ஒடைக்கிறேன்னு சொன்னேன்ல. புதுக் கருவி எனக்குத்தான செஞ்சீங்க” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. மறுபடி சூடம் ஏற்றினாள். சுற்றினாள். தலைக்கு மேல் தூக்கிப் போட்டாள். விதை எதிர்க்கடைக்குப் போனது. கூட்டம் பொரிகடலையை வாங்கிக்கொண்டு கலைந்தது.

கடைக்குள் வந்ததும் கேட்டேன். “எப்பத் தெரியும்?”

“ஆவணியிலயே. சட்டை போடும்போது வலக்கையை முன்னாடி விடுறீங்க. எடக்கையால தலை சீவுறீங்க. தூக்கத்துல வலது பக்கம் திரும்புனா முனகுறீங்க. கொடியை எதுக்கு எறக்கிக் கட்டுனேன்னு நெனச்சீங்க?”

 ஒன்றரை அடி. கொடி, கண்ணாடி, சாமி.

“அந்தப் பேப்பர்?” என்றேன் மெதுவாக.

“டயருக்குள்ள வச்சீங்க. அந்த டயரை நீங்களே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டீங்க. அவன் கொண்டாந்து குடுத்துட்டுப் போனான். டாக்டரையும் போய்ப் பாத்தேன்.”

“அப்ப மண்டபத்துக்குச் சொல்லிட்டியா?”

“அண்ணன்கிட்ட வேணாம்னு அப்பவே சொல்லிட்டேன். கடையை விட்டா நீங்க ஒரு வருசம் தாங்க மாட்டீங்க. சம்மட்டியைத் தொட்டா கை தாங்காது. எனக்கு ரெண்டும் வேணும்.”  மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “படத்தைப் பாத்தப்பவே சிரிப்பு வந்துச்சு. ஆறடி மனுசன் நெஞ்சோட தண்டை நிறுத்துனா, அதுக்கு மேல கை போகலைன்னு எழுதி ஒட்டுன மாதிரிதான.”

“அஞ்சு கிலோதான. நெஞ்சளவுதான. நானே போடுவேன் ஒச்சாயி.”

“ஒரு நாளைக்கு நூறு தடவை தூக்குவீங்க. நெஞ்சளவு தோளளவாகும். எனக்குச் செஞ்சதுன்னு ஊருக்கே சொன்னீங்கல்ல? குடுங்க.”

பின்னை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். பின் இல்லாவிட்டால் குண்டு தண்டின் உச்சியில் கழன்று வந்துவிடும்; பின் இல்லாத இடிகம்பி வெறும் கம்பி.

விஜயதசமி காலையில் டி. கல்லுப்பட்டியிலிருந்து எங்கள் பழைய வாடிக்கை செல்வக்குமார் டிராக்டர் டயரோடு வந்தான். ஒச்சாயி ஆறாவது ஓட்டையில் பின்னைச் செருகினாள். பதினோரு இடி. டயர் விட்டுக்கொடுத்தது. எங்கே வைப்பது, எப்போது திருப்புவது என்று நான் சொல்லச் சொல்லச் செய்தாள். கார்த்திகையில் ஏழு இடியானது. மார்கழியில் நான்கு. அதற்குள் நான் சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. என் கருவி, என் கணக்கு, ஒரு இடிகூட வீணாகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சில நாள் படவும் செய்தேன். பல நாள் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழியைப் பார்த்துக்கொண்டு, யாரும் என் முகத்தைப் பார்க்காதபடி உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் ஒரு விசேஷத்துக்குப் பூ வாங்க ஒச்சாயி மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தாள். இடுப்பிலிருந்த பின்னை அன்று மறந்து மேஜையில் வைத்துவிட்டாள். நான் எடுத்தேன். ஆறாவது ஓட்டையில் செருகினேன். ஒரு லாரி ரிம்மை இழுத்துப் போட்டு அலகை வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கால் அகட்டி, இருபத்தாறு வருஷம் நின்ற மாதிரியே நின்றேன்.

வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. புது டிரைவர், ஒச்சாயி இடிப்பதைக் கேள்விப்பட்டு வந்தவன் போலும். இறங்கி வந்து, என்னைப் பார்த்தான். இடிகம்பியைப் பார்த்தான். என் தோளுக்கு மேலாகக் கடைக்குள் எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணே,” என்றான், “கடையில ஆளு யாரும் இல்லையா?”