செத்தவர் எழக்கூடாது என்ற கட்சியில் நான்

மகளைப் பெண் பார்க்க வந்திருக்கும் வேளையில் ஒரு தகப்பன் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தைகள் சில உண்டு. அவற்றில் முதலிடம் எதற்கோ, அதை நான் சொன்னேன். மெதுவாகக்கூட இல்லை, கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும், வாசலில் செருப்புகளை முகர்ந்துகொண்டிருந்த எங்கள் நாய்க்கும் கேட்கும்படி சொன்னேன். அப்போது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. எம்.எஸ்ஸி. இயற்பியல். நிதானம் பற்றிப் பிள்ளைகளுக்குப் போதித்துச் சம்பளம் வாங்கிய ஆசிரியன்.

2003 வாக்கில் நடந்தது இது. கொல்லிமலையில், அரியூர் நாட்டில் எங்கள் வீடு. (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு.) வினாத்தாள் அடிக்க என்று சொல்லி ஒரு கணினி வாங்கினேன். சேலத்தில் அதை விற்ற கடைக்காரர் ஒரு குறுந்தகட்டை இனாமாகக் கொடுத்தார். அதற்குள் பத்து வருஷப் பழசான ஒரு விளையாட்டு இருந்தது. அதன் பிறகு அந்தக் கணினியில் வினாத்தாள் எதுவும் அடிக்கப்படவில்லை. கையால்தான் எழுதினேன், அதுவும் பரீட்சைக்கு மணி அடித்த பிறகு.

விளையாட்டு இதுதான். நான்கு பேர் கொண்ட ஒரு கூட்டத்தை நாமே அமைத்து, பெயர் வைத்து, ஆளுக்கொரு தொழில் கொடுத்து, ஒரு பாதாளக் கோட்டைக்குள் அனுப்ப வேண்டும். உள்ளே பூதங்கள். சண்டை என்றால் அவசரமே கிடையாது. நம் ஆள் ஓர் அடி, பூதம் ஓர் அடி. நாம் யோசித்து முடிக்கும்வரை பூதம் சும்மா நிற்கும். (இவ்வளவு பொறுமையான பிறவியை எங்கள் ஆசிரியர் அறையில்கூட நான் கண்டதில்லை.)

கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஆள் தேடவில்லை. நான் மாவீரன். என் மனைவி சாரதா வைத்தியர். மகள் கோகிலா வில்லாளி. பூட்டு திறக்க ஒரு திருடன் கட்டாயம் தேவை என்றது விளையாட்டு. வெகுநேரம் யோசித்தும் வேறு யாரும் நினைவுக்கு வராததால் மச்சான் குமரேசனைப் போட்டேன்.

ஒருநாள் நாமக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்தச் செய்தியைப் படித்தேன். அதே விளையாட்டைச் செய்தவர்கள், அதே பழைய பாணியில், புதிதாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்களாம். அது எப்படி இருக்க வேண்டும் என்று உலகெங்கும் உள்ள ரசிகர்கள் ஓர் இணையப் பக்கத்தில் கருத்துச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரள இறங்கி, எல்லாக் கருத்துகளையும் ஃப்ளாப்பியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, வாரம் முழுக்கப் படிப்பேன். அடுத்த சனிக்கிழமை போய்ப் பதில் போடுவேன். அதற்குள் அவர்கள் சண்டை தீர்ந்து சமாதானமாகியிருப்பார்கள். நான் மறுபடி கிளப்பிவிட்டு மலையேறிவிடுவேன்.

போலந்துக்காரர் ஒருவர், புதிய விளையாட்டில் வரைபடம் தானாக வரைந்துகொள்ள வேண்டும் என்றார். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைய வக்கில்லாதவன் பாதாளத்துக்கு ஏன் போகிறான் என்று நான் கேட்டேன். இன்னொருவர், ஆள் எவ்வளவு சுமை வேண்டுமானாலும் தூக்கலாம் என்று வைத்தால் நல்லது என்றார். ஒரு மூட்டை மிளகைத் தலையில் வைத்து எங்கள் ஏற்றத்தில் ஏறிவிட்டுப் பிறகு கருத்துச் சொல்லுங்கள் என்று எழுதினேன். (நான் தூக்கியதில்லை. ஆனால் அது அவருக்குத் தெரியாது.)

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை சாவைப் பற்றி. செத்த ஆளை மறுபடி எழுப்பலாமா, கூடாதா? விளையாட்டை அங்கங்கே சேமித்துவைத்து, ஆள் செத்தால் பழைய இடத்துக்குத் திரும்பிப்போவது ஒரு கட்சி. செத்தவர் செத்தவர்தான், அழுதுவிட்டு மேலே நடக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிக்குத் தலைவர் மாதிரி. "திரும்பிப்போகிறவன் கோழை. நான் இதுவரை ஒருமுறைகூடத் திரும்பியதில்லை" என்று பெரிய எழுத்தில் போட்டேன். கனடாவிலிருந்து ஓர் அம்மையார் என்னைப் பாராட்டினார். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இந்த நிலையில்தான் கோகிலாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பையன் செந்தில், ஆலத்தூர் நாடு. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவனுடைய போட்டோவைப் பார்த்துவிட்டு, அதற்கு முன்பு வந்த எல்லா வரன்களையும் தட்டிக்கழித்த கோகிலா, "பாக்கலாமுங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். போட்டோவைத் திருப்பித் தரவில்லை. அதிலிருந்தே எங்களுக்குப் புரிந்துவிட்டது. பயம் ஒன்றே ஒன்றுதான்: செந்திலின் அம்மா பாவாயி. சகுனத்தில் அவர் மகா கெட்டி. ஒரு வீட்டில் பல்லி கத்தியது என்று எழுந்து வந்துவிட்டார். இன்னொரு வீட்டில் பெண்ணின் பெரியப்பா தும்மிவிட்டார், அதோடு சரி. வரன் கொண்டுவந்த குமரேசன் முதல் நாளே எச்சரித்தான்.

"மாமா, அந்தம்மா இருக்கறப்ப வாயே தொறக்காதீங்க. தும்மல் வந்தா முழுங்கிக்கோங்க."

தும்மலை முழுங்கினேன். அதில் குறை சொல்ல முடியாது.

அவர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். பக்கத்து அறைச் சுவரில் நான் வரைந்து ஒட்டியிருந்த பாதாளக் கோட்டையின் வரைபடம் தெரிந்தது. செந்திலின் அப்பா அதைக் கூர்ந்து பார்த்தார்.

"புதுசா ஊடு கட்டறீங்களா வாத்தியாரே? ரூம் நெறைய வருதாட்ட இருக்குது."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் செந்தில் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"சார், இது மூணாவது தளம்தானுங்களே? வடக்கால ஒரு ரகசியக் கதவு இருக்குது, நீங்க போடலீங்க."

மலைமேல் என் மொழி பேசும் ஒரு ஜீவன். அவனைக் கையோடு அறைக்குள் அழைத்துப்போய்க் கணினியைத் திறந்தேன். வந்த வேலை என்ன என்பது எங்கள் இருவருக்கும் மறந்துபோயிற்று. வரப்போகும் புது விளையாட்டைப் பற்றி அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவன் எதிர்க்கட்சி.

"முறை வெச்சு அடிச்சுக்கறதெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாதுங்க சார். சடசடன்னு அடிச்சுட்டுப் போயிட்டே இருக்கோணும். செத்தா என்னங்க, பழசுக்குப் போயி மறுக்கா ஆரம்பிச்சுக்கலாம்."

"அது ஆட்டமா தம்பி? ஒரு மனுசன் செத்தா செத்ததுதான். நான் ஒருதடவ கூடத் திரும்புனதில்ல."

"ஒருதடவ கூடங்களா?"

"ஒருதடவ கூட."

அவன் என்னை மரியாதையோடு பார்த்தான். (அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவு பொய்யும்.) அந்த ரகசியக் கதவைக் காட்டுகிறேன் என்று விசைப்பலகையை வாங்கினான். முன்னால் யாரை நிறுத்த வேண்டும் என்று யோசிக்காமல், சடசடவென்று வில்லாளியை முன்னே தள்ளிக் கதவைத் திறந்தான். உள்ளே இருந்த மலைப்பூதம் ஒரே அடி.

திரையில் கோகிலாவின் பெயருக்குப் பக்கத்தில் மண்டையோடு வந்தது. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"போச்சு. கோகிலா செத்துட்டா!"

கூடத்தில் பேச்சு நின்றது. அறை வாசலில் காபித் தட்டோடு யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

"நான் இங்கதானுங்கப்பா நிக்கறேன்" என்றாள் கோகிலா.

செந்தில் திரும்பினான். அவன் என் மகளை முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான்: திரையில் மண்டையோடு, எதிரே காபி. "சாரிங்க" என்றான். பெண் பார்க்கப் போய் முதல் வார்த்தையாக மன்னிப்புக் கேட்டவன் எங்கள் மலையில் அவனாகத்தான் இருப்பான்.

கூடத்தில் பாவாயியம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

"எந்திரிங்க. போலாம்."

"அக்கா, அது கம்ப்யூட்டர்லீங்க. பொம்மைங்க" என்று குமரேசன் ஓடினான்.

"பொம்மையோ என்னமோ, புள்ள பேரச் சொல்லித்தான செத்தது? அதும் பெத்த அப்பன் வாயில. தும்மலாவது சொல்லாம கொள்ளாம வரும்."

சாரதா என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த மலைப்பூதம் எவ்வளவோ மேல். கோகிலா தட்டைக் கீழே வைத்தாள். சிந்தியிருந்த காபியை முந்தானையால் துடைத்தாள். ஓர் ஆட்டத்துக்காக என் மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்பது அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அவள் அழவில்லை.

"அத்தைங்க, அது எந்திரிச்சு நடந்துட்டா உங்களுக்குச் சரிங்களா?"

பாவாயியம்மா யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை எந்தச் சகுனத்திலும் அவர் சந்தித்ததில்லை.

"என் கண்ணால பாக்கோணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ஆட்டத்தின் மரபுப்படி செத்தவர் எழுவது என்பது கிடையாது என்று விளக்கத் தொடங்கினேன். ஆமாம், அந்த நேரத்திலும். செந்திலின் முன்னால் அந்த மரியாதையை விட மனம் வரவில்லை.

"ஏனுங்க, அப்பறம் தெனமும் படுக்கறதுக்கு முன்னால ஃப்ளாப்பில ஏத்தி முறுக்கு டின்னுக்குள்ள ஒளிச்சு வெக்கறீங்களே, அது என்னதுங்க?" என்றாள் சாரதா.

டின்னை அவளே கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். ஒரு டஜன் ஃப்ளாப்பிகளும் கொஞ்சம் முறுக்குத் தூளும் விழுந்தன. செந்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு வரைபடத்தின் பக்கம் திரும்பினான். ஒருமுறைகூடத் திரும்பாத மாவீரன், போன வாரம் ஒரே கதவில் ஏழெட்டுத் தடவை திரும்பியவன் என்பது ஃப்ளாப்பிகளின்மேல் நானே எழுதிவைத்திருந்த குறிப்புகளிலிருந்து விளங்கிவிட்டது.

ஒரு ஃப்ளாப்பியை எடுத்துச் செருகப் போனேன். கரண்ட் போய்விட்டது.

கரண்ட் எப்போது வரும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. சகுனத்தைப் பாதியில் விட்டுப் போகவும் பாவாயியம்மாவுக்கு மனமில்லை. காத்திருந்தார்கள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது முறை. சமையலறையிலிருந்து சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் மணத்தன. மத்தியானம் தாண்டியது. செந்திலின் அப்பா, பலாச்சுளை சாப்பாட்டில் சேராது என்று ஒரு தீர்ப்புச் சொல்லி முதல் சுளையை எடுத்தார். பிறகு, பலாச்சுளைக்குத் தேன் தொட்டுக்கொண்டாலும் அது சுளைதான் என்றார். பிறகு, கோழித் துண்டை மட்டும் சோறில்லாமல் கொறித்தால் கை நனைந்ததாகுமா என்று குமரேசனிடம் ஆலோசனை கேட்டார். பாவாயியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் பின்வாசல் தெரிந்தது. அங்கே செந்திலும் கோகிலாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். கோகிலா எதற்கோ சிரித்தாள். அவர் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

கரண்ட் வந்ததும் எல்லோரும் அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். முதல் ஃப்ளாப்பி கரகரவென்று சத்தம் போட்டுப் படிக்க மறுத்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. பாவாயியம்மா வாய்க்குள் சாமி பெயரைச் சொல்வது கேட்டது. நானும் சொன்னேன். மூன்றாவது, தீபாவளிக்கு முன்பு ஏற்றியது, திறந்தது. நான்கு பேரும் கோட்டை வாசலில் நின்றார்கள். மண்டையோடு இல்லை.

"எதுங்க நம்ம புள்ள?" என்றார் பாவாயியம்மா.

நம்ம புள்ள. சாரதா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"வில்லு வெச்சிருக்கறதுங்க."

"நின்னா பத்தாது. நடக்கச் சொல்லுங்க."

கோகிலா குனிந்து, தன் விரலால் அம்புக்குறியை அழுத்தினாள். திரையில் கோகிலா நடந்தாள். பாவாயியம்மா திருநீற்றை எடுத்துத் திரைக்கு ஒரு கோடு இழுத்தார், பிறகு என் மகளின் நெற்றிக்கு.

"பூ வெச்சுரலாம்" என்றார்.

செந்திலின் அப்பா சமையலறைப் பக்கம் போனார். குமரேசன் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"ஏனுங்க மாமா, அந்தக் கடைசில என் பேரப் போட்டிருக்குதே, நான் என்ன வேலைங்க?"

"பூட்டு ரிப்பேரு" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நாமக்கல் போய், முறுக்கு டின் விவகாரம் முழுவதையும் ரசிகர்கள் முன்னால் எழுதினேன். புது விளையாட்டில் செத்தவர் எழத்தான் வேண்டும், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று முடித்தேன். துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். மறு வாரம் போனால் பக்கம் பக்கமாக வாக்குமூலங்கள். எங்கள் கட்சியில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு டின் வைத்திருந்தார்கள். கனடா அம்மையார் மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவர் ஒருவரை இன்றும் மனதார மதிக்கிறேன். அந்தப் புது விளையாட்டு வரவே இல்லை. செய்துகொண்டிருந்தவர்கள் பாதியில் கைவிட்டுவிட்டார்கள். அதற்குள் பேத்தி வந்துவிட்டதால் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கோகிலா இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கு நான் போன் செய்தால் 'ஹலோ' என்று எடுக்க மாட்டாள். பஸ்ஸில் இருந்தாலும், ஆபீஸில் பத்துப் பேர் நடுவில் இருந்தாலும், "இருக்கேனுங்கப்பா" என்றுதான் எடுப்பாள். வீட்டில் இருந்தால் பின்னால் செந்தில் சிரிப்பது கேட்கும். எதற்காகப் போன் செய்தேன் என்பது அதோடு எனக்கு மறந்துவிடும். "சரி கண்ணு, அவ்வளவுதான்" என்று வைத்துவிடுவேன்.