எக்காளம் கேசட்டில் என் நீண்ட ஜெபம்

பொறாமைப்படுவதற்குப் பெரிய ஆட்கள் தேவையில்லை. கோடீஸ்வரனைப் பார்த்து எனக்கு ஒருநாளும் வயிறு எரிந்ததில்லை. பக்கத்து போர்ஷனில் குடியிருந்து, நம் வீட்டிலேயே சாப்பிட்டு, நம் அம்மாவிடமே நல்ல பெயர் வாங்குகிறான் பாருங்கள், அவனைப் பார்த்தால்தான் எரியும். எனக்கு அப்படி வாய்த்தவன் ஜெயகரன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மத்திகிரியில் எங்களுக்கு அடுத்த போர்ஷனுக்கு வாடகைக்கு வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியிலேயே அவனும் லேத் ஆபரேட்டர். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு எலெக்ட்ரிக் கிதாரும் கொண்டுவந்தான். அதுவரை எங்கள் சர்ச்சில் பாட்டு என்றால் நான்தான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் தனியாகப் பாடும்போது பின்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். (தூசியாகவும் இருந்திருக்கலாம். அப்போது சர்ச்சில் பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்தது.)

அவனுடைய மாமா பெங்களூரிலிருந்து ஒரு வெளிநாட்டு கேசட் கொடுத்து அனுப்பினார். முதுகுவரை முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் கிதாரை இடி மாதிரி முழக்கி, தொண்டை கிழிய இயேசுவைப் பாடினார்கள். மெட்டல் என்றான். கேட்டு முடித்ததும் ஜெயகரனுக்குக் கண்கள் மின்னின. "எலே சாமு, இத மாதிரி தமிழ்ல ஒண்ணு போடுவோம். நீயும் வா" என்றான்.

பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த டேனியல் டிரம்ஸ். காலை முதல் மாலைவரை இரும்புத் தகடு அடிபடும் சத்தத்தில் கிடப்பவன், அவனுக்கு மெட்டல் ஓய்வு மாதிரி இருந்தது. குழுவுக்கு 'எக்காளம்' என்று பெயர் வைத்தோம். பாடகன் நான்தான் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். முதல் ஒத்திகையில் ஜெயகரன் தலையைச் சொறிந்தான்.

"உன் குரல் நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா இதுக்கு அடித்தொண்டையிலேருந்து கத்தணும். நீ பாடுனா தொட்டில ஆட்டுத மாதிரி இருக்கு."

பாட்டும் அவனுக்கே போனது. எனக்குக் கிடைத்தது நடுநடுவே "ஓ... ஓ..." மட்டும். வீட்டில் போய்ப் புலம்பினால் அம்மா அவனுக்குத்தான் வக்காலத்து வாங்கினாள். அவன் முடி வளர்ப்பதைப் பற்றிச் சொன்னேன். "பைபிள்ல சிம்சோன் வளர்க்கலியா? ஆம்பளைக்கு முடி இருந்தா ஒரு பெலன்தான்டா" என்றாள். நான் ஒரு ஞாயிறு சவரம் செய்யாமல் சர்ச்சுக்குக் கிளம்பியதற்கு வாசலிலேயே மறித்துத் திட்டியவள் இவள்.

கேசட் வெளியிட எங்கள் ஐயர் ஒரு நிபந்தனை போட்டார். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம்.) "இந்த சத்தத்துக்கு நடுவுல ஒரு ஜெபமாவது இருக்கணும். இல்லன்னா நம்ம சபை பேரைப் போடக் கூடாது." ஆக, கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிட ஜெபம் என்று முடிவானது. ஜெபிக்க வேண்டியவன் நான்.

அந்தக் கடைசிப் பாட்டில்தான் ஜெயகரனின் தனி வாசிப்பு. நாலு நிமிடம், பாட்டே இல்லாமல் வெறும் கிதார். அதற்காக அவன் ஷிப்ட் முடிந்து வந்து சோறுகூடத் தின்னாமல் விரல் தேயப் பழகினான். அவனுடைய ஆசை மொத்தமும் அந்த நாலு நிமிடத்தில் இருந்தது. அது வெளியே வந்தால் சபையில் என் பெயரை ஒரு நாய்கூடக் கேட்காது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பெங்களூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ. எல்லாரும் ஒரே அறையில் நின்று, டேப் ஓட ஓட வாசிக்க வேண்டும். சவுண்ட் என்ஜினியர் நாகராஜ் கன்னடக்காரர், நல்ல மனிதர். கடைசிப் பாட்டுக்கு வரும்போது மாலையாகிவிட்டது. வெளியே அடுத்த பார்ட்டி, ஒரு கல்யாண பேண்டு செட், டிரம்பெட்டோடு காத்திருந்தது.

"பேக முகிசி குரு, சீக்கிரம் முடிங்க. இன்னும் பத்து நிமிஷம்தான் டைம்" என்றார் நாகராஜ்.

எனக்குள் சாத்தான் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது அப்போதுதான். ஜெபத்தை நடுவில் யாரும் நிறுத்த முடியாது. ஜெபிக்கிறவன் ஆமென் சொல்லும்வரை மற்றவர்கள் கண்ணை மூடித் தலை குனிந்து நிற்க வேண்டியதுதான். பத்து நிமிடத்தையும் நானே தின்றுவிட்டால்?

டேப் ஓடியது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். தமிழ்நாட்டுக்காக ஜெபித்தேன். கர்நாடகத்துக்காக ஜெபித்தேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் செக்போஸ்ட்டுக்காகத் தனியாக ஜெபித்தேன். ராயக்கோட்டைத் தக்காளிக்கு நல்ல விலை கேட்டேன். மத்திகிரிப் பண்ணை மாடுகளைக் கோமாரி நோயிலிருந்து காக்கச் சொன்னேன். டேனியல் சத்தமாக "ஆமென்" என்று எடுத்துக் கொடுத்தான். காதில் விழாதவன் போல எங்கள் கம்பெனி கேன்டீனுக்குள் நுழைந்தேன்.

அப்போது மெல்லிய ஒரு சத்தம். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஜெயகரன் கண்ணை மூடிக்கொண்டு, என் ஜெபத்துக்குப் பின்னணியாக வாசிக்க ஆரம்பித்திருந்தான்.

சர்ச்சில் ஜெபத்தின்போது கீபோர்டை மெல்ல இழைய விடுவது வழக்கம்தான். அதை மறந்து தொலைத்தேனே மடையன். என் குரலை அடக்கிவிடுவானோ என்று சத்தத்தைக் கூட்டினேன். எனக்குப் பரிசுத்த ஆவி வந்துவிட்டதாக நினைத்து அவன் காலடியில் இருந்த பெடலை மிதித்தான். கிதார் உறுமியது. நான் கத்தினேன். டேனியலும் டிரம்ஸில் சேர்ந்துகொண்டான். நிறுத்தினால் மிச்ச நேரத்தில் அவனுடைய நாலு நிமிடம் பதிவாகிவிடும். நிறுத்தாவிட்டால் இப்போதே வாசித்துத் தள்ளுகிறான். என்ன செய்வதென்று தெரியாமல் மிஷனரிகள், விதவைகள், டவுன் பஸ் டிரைவர்கள் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தொண்டை கட்டி, காற்று மட்டும் வந்தபோது ஆமென் சொன்னேன்.

நாகராஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். "சூப்பர் குரு! டைம் முடிஞ்சிச்சி. கடைசிப் பாட்டு பேடா, வேண்டாம். இதே இருக்கட்டும்" என்றார்.

ஜெயகரன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். அழுதுகொண்டிருந்தான். "நாலு நிமிசம்தாம்லே நெனச்சிருந்தேன். நீ எனக்காவ இவ்வளவு நேரம் இழுத்துக் குடுத்தியே, சாமு!"

"பரவாயில்லை" என்றேன்.

கேசட் வந்தது. சபையில் வாலிபர்கள் அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டார்கள். எங்கள் வீட்டிலும் டேப்ரெக்கார்டரைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "எவ்ளோ உருக்கமா வாசிக்கிறான் பாரு ஜெயகரன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைச் சுளித்தாள்.

"நடுவுல எவன்டா அது, நைநைன்னு பேசிக்கிட்டே இருக்கிறான்?"

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. என் பங்குக் குழம்பும் ஜெயகரனுக்குப் போனது.

அடுத்த வருடம் என் தங்கை மெர்சியையும் அவனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். இன்றுவரை நான் ஏதாவது பேச வாயெடுத்தால் வீட்டில் யாராவது "நைநை" என்பார்கள். போன கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லாரும் இலைமுன் உட்கார்ந்த பிறகு, ஜெபிக்கும்படி என்னை எழுப்பினாள் அம்மா. எழுந்து நின்றேன். அவனுடைய மகள் உள்ளே போய் கிதாரை எடுத்துவந்து அப்பன் மடியில் வைத்துவிட்டு, "மாமா, நீங்க ஆரம்பிங்க. அப்பா ரெடி" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயகரன் கம்பியில் விரலை வைத்துவிட்டான். "சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம், ஆமென்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு தந்தியைத் தட்டக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை.